பன்னிரண்டு ஓம்

ஏற்றும்போது ஒரு குறையுமில்லை.
பனியுடைப்புக் கப்பலின் புரொப்பெல்லர், பதினேழு டன்,
கொடியில் போட்ட சட்டைபோல எழுந்தது.
இறக்கும்போதுதான்,
நாலு விநாடி, ஐந்து,
டிரைவ் சிவந்து, பிரேக் கவ்வி,
கெமித் துறைமுகம் முழுக்கக் கேட்கிற ஒரு டொக்.

வயர்லெஸ்ஸில் ரைமோ:
"ஐலா, இதை இன்னைக்கு இறக்கறமா,
இல்ல ஏப்ரல் வரட்டுமா?"

மணி பகல் இரண்டு.
சூரியன் வந்து போயாயிற்று.

திரையில் மிகை வோல்ட்டேஜ். எண்ணூற்று இருபது.
தொங்கும் பாரம் கீழே வருகையில்
மோட்டார் இழுப்பதில்லை, இழுபடுகிறது.
இழுபடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும்
பின்வாசல் வழியாக மின்சாரம் திரும்பி வருகிறது,
அழைக்காத விருந்தாளி, கை நிறையப் பலகாரத்தோடு.
அதை வாங்கி மேலே அனுப்ப வேண்டும்.
கிரேனின் உச்சியில் இரண்டு ரெசிஸ்டர் பெட்டிகள்.
அவை தின்று, சூடாகி, காற்றில் விட வேண்டும்.
ஏற்பாடு அவ்வளவுதான்.

ஃபோர்மன் லாஸ்ஸே சொன்னார்:
"நிற்கிற நேரத்தைக் கூட்டிவிடு, எல்லாம் சரியாகும்."
கூட்டினேன், அவர் மனம் கோணாமல் இருக்க.
நிற்கும்போதா விழுகிறது?
போய்க்கொண்டிருக்கும்போதே விழுகிறது.

வெறும் கொக்கி வந்தது.
பாதி வேகத்தில் புரொப்பெல்லரும் ஒரு மீட்டர் வந்தது.
முழு வேகத்தில்
ஐந்நூற்று நாற்பது, எழுநூற்று எண்பது,
அங்கே சாப்பர் விளக்கு எரிகிறது,
சிமிட்டாமல் எரிகிறது,
எண்ணூறு,
டொக்.

ஆக, வாய் திறந்துதான் இருக்கிறது.
தொண்டைதான் சிறுத்துவிட்டது.

மெயினை அணைத்தேன். கெப்பாசிட்டர்கள் அடங்க
ஐந்து நிமிடம், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு.
மீட்டர் காட்டியது: பன்னிரண்டு ஓம்.
கதவின் உட்புறம், பென்சிலில்: பன்னிரண்டு ஓம்.
சரி, அது நல்லது என்று தள்ளிவைத்து
மூன்று மணி நேரம்
நல்லதாக இருந்த மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.
சாப்பரை, கேபிளை, பாராமீட்டர் பட்டியலை,
கடைசியில் ரைமோவின் கையை.
"என் கையா?" என்றான்.
அரை மணி நேரம் பேசவில்லை.

பிறகு ஏணி. முப்பத்தொரு மீட்டர்.
நெற்றி விளக்கில்:
இடது பெட்டியின் மேல் பனி இல்லை,
விளிம்பெல்லாம் உருகி இறங்கிய ஊசிகள்.
வலது பெட்டியின் மேல்
ஒரு முழு ரொட்டி உயரத்துக்கு வெள்ளை,
அதன் மேல் ஒரு காக்கையின் நடை,
அவசரமே இல்லாத நடை.

மூடியைக் கழற்றினேன். ஒரு பட்டையின் வெல்டிங் விட்டிருந்தது.
இடைவெளி ஆணியின் கனம்கூட இல்லை.
பெட்டிக்குப் பன்னிரண்டு. இரண்டும் சேர்ந்தால் ஆறு.
ஆறுதான் இருந்திருக்க வேண்டும்.
வரைபடத்திலும் ஆறுதான். நான் வரைபடத்தை விரிக்கவில்லை,
கதவை நம்பினேன்.

கீழே வந்து பென்சில் எழுத்தை விளக்கில் பார்த்தேன்.
இரண்டின் வால் கோட்டுக்குக் கீழே தொங்கியது.
என் இரண்டு அப்படித்தான் தொங்கும்.
போன மார்ச்சுக்கு முந்தைய மார்ச்,
அளந்ததை எழுதியிருக்கிறேன்.
அளந்தது ஏற்கெனவே பாதி செத்ததை.
அதன் பிறகு ஆறு டன் காகிதக் கட்டுகள்தான் வந்தன.
பாதிக்குப் பாதி போதுமாக இருந்தது.

பட்டையை மாற்றி, முறுக்கி, மீண்டும் அளந்து
ரைமோவிடம் "விடு" என்றேன்.
எழுநூற்று எண்பதில் நின்றது.
விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது.
புரொப்பெல்லர் கட்டைகளின் மேல் உட்கார்ந்த சத்தம்
கனமான ஒருவர் நாற்காலியில் அமர்வதுபோல.
"ஐலா, மேல புகையுது!"
"புகை இல்ல. ரொட்டி உருகுது."

பதிவேட்டில் லாஸ்ஸே முந்திக்கொண்டிருந்தார்:
நிற்கும் நேரம் கூட்டப்பட்டது. சரியாயிற்று.
அதன் கீழே எழுதப் பேனாவைத் தட்டினேன்,
மை உறைந்திருந்தது.
பையில் அதே பென்சில்.